கண்காட்சிக்கு முன் செல்போனில் ஒரு வீடியோ

ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் நாய்க் கண்காட்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நடுவர் உங்கள் நாயைப் பக்கத்து நாயோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. அந்த இனத்துக்கென்று எழுதிவைத்த தர வரையறை இருக்கிறது, அதற்கு எது நெருங்கி நிற்கிறது என்றுதான் பார்க்கிறார். அதை முதலில் படியுங்கள்.

பிறகு சமதரையில் வேறொருவரை நாயைப் பிடித்து ஓடச் சொல்லி, பக்கவாட்டிலும் எதிரிலும் பின்னாலும் நின்று வீடியோ எடுங்கள். வேகத்தைக் குறைத்துப் பார்த்தால் பின்னங்கால் மூட்டுகள் உள்பக்கம் சாய்வது, முதுகு ஆடுவது எல்லாம் தெரிந்துவிடும். உதட்டை விலக்கிப் பல்லையும் பாருங்கள். பெரும்பாலான இனங்களில் மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஒட்டி, சற்றே முன்னால் இருக்க வேண்டும். ஆண் நாய்க்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதனால் குறைகளை எழுத அந்த நாயை வளர்க்காத ஒருவரை உட்கார வையுங்கள். மண்டியில் நம் தோட்டத்து மாங்காய் என்பதற்காக முதல் ரகத்தில் சேர்ப்பார்களா?

என் சிப்பிப்பாறை இன நாய் தோற்றபோது, 'ஆள் பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள்' என்று டீக்கடையில் புலம்பினேன். வீட்டில் வீடியோவைப் போட்டேன், வயிறு தொங்கியிருந்தது. தீனி போட்டது நான்தான்.

தோற்றால் ஜெயித்தவருக்குக் கைகொடுங்கள். போட்டி முழுதும் முடிந்த பிறகு நடுவரிடம், 'என் நாய்க்கு எது குறைச்சல் சார்?' என்று கேளுங்கள். நேரமிருந்தால் பலர் சொல்வார்கள்.