பன்னிரண்டு விளக்குக் கம்பங்களும் ஒரு திருத்தமும்

கணினித் திரையில் லெகோ கட்டைகளால் ஒரு பாலம் கட்டினேன். இருபுறமும் ஆறு ஆறாக விளக்குக் கம்பங்கள். ஒரு கம்பத்தை முடித்து, அதன் ஒன்பது கட்டைகளையும் குழுவாக்கி, பதினொரு முறை நகலெடுத்து நட்டேன். மறுநாள் பார்த்தால் உச்சியிலிருந்த உருண்டைக் கட்டை கண்ணை உறுத்தியது. எடுத்துவிட்டுக் கூம்பு வைத்தேன். மற்ற பதினொரு கம்பங்களும் பழைய தலையோடு அப்படியே நின்றன. ஒவ்வொரு குழுவாகப் பிரித்து மாற்றியதிலேயே மாலை போய்விட்டது.

குழு வேறு, சப்மாடல் (பெரிய மாதிரிக்குள் தனிப் பெயரோடு வைக்கும் சிறு மாதிரி) வேறு என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. குழு, விறகைச் சேர்த்துக் கட்டும் கயிறு. ஒன்றாகத் தூக்கி நகர்த்த உதவும், அவ்வளவுதான். சப்மாடல், வார்க்கும் அச்சு. அச்சைத் திருத்தினால் அதிலிருந்து வந்த எல்லாமே திருந்தும்.

லெகோ மாதிரிகளைக் கணினியில் எழுதிவைக்க ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் உருவாக்கிய எல்ட்ரா (LDraw) முறையிலான கோப்பைத் திறந்து பார்த்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு கட்டைக்கு ஒரு வரி: 1 என்று தொடங்கி நிறம், இடம், திருப்பம், கடைசியில் கட்டையின் பெயர். கட்டையின் பெயர் வரும் இடத்தில் சப்மாடலின் பெயரையும் எழுதலாம். குழுவாக்கிய என் கம்பங்களுக்கு 108 கட்டை வரிகள். சப்மாடலாக இருந்திருந்தால் அச்சுக்கு ஒன்பது, நடுவதற்குப் பன்னிரண்டு, ஆக 21.

குழு பற்றிய செய்தியோ 0 என்று தொடங்கும் வரிகளில் ஒளிந்திருக்கிறது. லெகோ கட்டும் மென்பொருள்களில் லியோகேட் அதை ஒரு விதமாக எழுதும், எம்எல்கேட் வேறு விதமாக எழுதும். அந்த மொழி புரியாத மென்பொருள் குறிப்பு என்று எண்ணித் தாண்டிப் போய்விடும். கட்டைகள் பத்திரமாக வந்து சேரும், கயிறுதான் அவிழ்ந்திருக்கும்.

சப்மாடலிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஒரே ஒரு கம்பத்தை உடைந்ததுபோலக் காட்ட நினைத்து உள்ளே போய்த் திருத்தினால் பன்னிரண்டும் உடையும். முதலில் வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். நிறமும் அப்படித்தான். ஒரே ரயில் பெட்டி சிவப்பிலும் நீலத்திலும் வேண்டுமானால், நிறம் மாற வேண்டிய கட்டைகளுக்கு எல்ட்ராவின் 16-ஆம் எண்ணைக் கொடுங்கள். வெளியே சப்மாடலுக்கு எந்த நிறம் தருகிறீர்களோ அதை அவை வாங்கிக்கொள்ளும். உள்ளேயே சிவப்பு பூசிவிட்டால் வெளியே எத்தனை முறை நீலம் கொடுத்தாலும் பெட்டி சிவப்பாகவே இருக்கும்.

விமானம் கட்டுகிறவர்கள் வலது இறக்கையைச் சப்மாடலாக்கி, கண்ணாடிப் பிம்பம்போலப் புரட்டி இடது பக்கம் ஒட்டுவார்கள். திரையில் குறையே தெரியாது. ஆனால் சரிந்த இறக்கைத் தட்டில் வலதுக்கு 41769, இடதுக்கு 41770 என்று இரண்டு தனித்தனிக் கட்டைகள். வெறுமனே புரட்டியிருந்தால், வாங்க வேண்டிய கட்டைகளின் பட்டியலில் 41769 இரண்டு என்று வந்து நிற்கும். வாங்கி வைத்த பிறகுதான் இடது இறக்கைக்கு ஆளில்லை என்பது தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய தவறாகப் படுவது, கட்டப்போகும் கையை மறந்துவிட்டுச் சப்மாடலுக்கு எல்லை வகுப்பதுதான். சப்மாடல் என்றால் அதைத் தனியே கட்டி, கையில் எடுத்து, கொண்டுபோய்ப் பொருத்த முடிய வேண்டும். ஒன்றோடொன்று பிடிப்பில்லாத கட்டைகளையும் மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஒரே சப்மாடலாக்கிவிடும்; கையில் எடுத்தால் உதிர்ந்துவிடும். என் கம்பத்தின் கோளாறு வேறு வகை. அதன் அடிப்பிளேட், சாலையின் வழவழப்பான ஓடுகளுக்கு அடியில் அரை அங்குலம் போல நுழைந்திருந்தது. திரையில் கட்டைக்குள் கட்டை வழுக்கிப் போகும். மேசையில் ஓடுகளைப் பெயர்த்தால்தான் கம்பம் உள்ளே போகும். இப்போது அடிப்பிளேட்டைப் பாலத்தோடு விட்டுவிட்டு, அதற்கு மேலிருப்பதை மட்டும் சப்மாடலாக வைத்திருக்கிறேன். கம்பத்துக்கு எட்டுக் கட்டைதான். சாலை போட்டு முடித்த பிறகு மேலிருந்து ஓர் அழுத்து.