பேசக் கூடாத ஊரில் மனம் சோர்ந்தால்

பஹ்ரைனில் பதினோரு ஆண்டுகள் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். தலைநகர் மனாமாவின் முத்துச் சதுக்கத்தில், வளைந்த ஆறு தூண்கள் ஒரு முத்தைத் தாங்கி நிற்கும் சின்னம் ஒன்று இருந்தது. 2011 பிப்ரவரியில் மன்னராட்சியில் மாற்றம் கேட்டு மக்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தது அங்கேதான். மார்ச் 18ஆம் தேதி அரசே அதை இடித்துத் தள்ளியது. இடிபாட்டில் சிக்கி, கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அந்தச் சின்னத்தின் படம் போட்ட 500 ஃபில்ஸ் காசைக்கூடப் பிறகு புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என் சட்டைப் பையில் அப்படி ஒரு காசு கிடந்தது. கடையில் நீட்டவும் பயம், வைத்திருக்கவும் பயம். ஒரு காசுக்காக விடிய விடிய விழித்துக் கிடந்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட ஊர்களில் இன்றும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும், திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்குச் சோறு வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் வீட்டாருக்கும் எனக்குத் தெரிந்த வழிகளை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. தேவகோட்டைப் பக்கத்தில் விழுந்து எழுந்த ஒரு மெக்கானிக்.

வந்திருப்பது என்ன என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அரபுக்காரர்கள் 'தீக்' என்பார்கள். இடுக்கம் என்று பொருள். நாம் 'நெஞ்சை அடைக்கிறது', 'உடம்பு அசதி' என்போம். இரண்டு ஊரிலும் மனச்சோர்வு உடம்பின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. எனக்கு வயிற்றில் எரிச்சலாக வந்தது. எட்டு மாதம் வாயு மாத்திரை விழுங்கினேன். எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் கெட்டது, பசி கெட்டது, தன்மேலேயே வெறுப்பு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

"நாடே பற்றி எரிகிறது, எனக்கு மட்டும் வைத்தியமா?" என்று தள்ளிப்போடுவது எல்லாரும் செய்யும் தவறு. துனிசியாவைப் பாருங்கள். 2010 டிசம்பரில் ஒரு தள்ளுவண்டி வியாபாரி தீக்குளித்தார், நாடு முழுக்கப் போராட்டம் வெடித்தது. அடுத்த மாதம் 14ஆம் தேதி அதிபர் பென் அலி நாட்டை விட்டே ஓடினார். சர்வாதிகாரி போய்விட்டார், மனம் எழுந்ததா? 2018–19இல் அரபு பாரோமீட்டர் என்ற அமைப்பு பல அரபு நாடுகளில் மக்களைக் கேட்டபோது, ஏறக்குறைய பத்தில் மூவர் மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னார்கள். அதில் முன்னணியில் நின்றவை ஈராக்கும் இதே துனிசியாவும். ஆட்சி மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது.

அடுத்தது பேச்சு. மனதில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கொட்டினால் பிடித்துக்கொண்டு போகிற ஊரில் எங்கே கொட்டுவது? 2011 மார்ச் 15ஆம் தேதி அவசர நிலை வந்த பிறகு, கேம்ப் வண்டியில் யார் காதில் எது விழும் என்று தெரியாது. என்னோடு வேலை பார்த்த பஹ்ரைன்காரர் ஒருவரின் தம்பியைப் பிடித்துப் போயிருந்தார்கள். அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் கருவிப் பெட்டியை எடுக்கும்போது, "கம்ப்ரசர் எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். "ஓடுகிறது" என்றால் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று பொருள். "ட்ரிப் ஆகிறது" என்றால் நடுநடுவே அழுகை வருகிறது. "கேஸ் இல்லை" என்றால் இன்று என்னால் முடியாது, பக்கத்தில் இரு. மெக்கானிக்குகள் வேறு எதைப் பேசுவார்கள்? யாரும் சந்தேகப்படவில்லை.

ஆகவே ஆளைச் சொல்லாதீர்கள், கட்சியைச் சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லாதீர்கள். உங்கள் நிலைமையை மட்டும் சொல்லுங்கள். அதற்கு ஒரே ஒரு ஆள் போதும், ஆனால் நாள்தோறும் வேண்டும். அங்கே இருக்கும்வரை அரசியலை ஃபேஸ்புக்கில் எழுதவோ வாட்ஸ்அப்பில் அனுப்பவோ வேண்டாம். ஒரு பதிவுக்காகச் சிறைக்குப் போனவர்கள் அந்த நாடுகளில் பலர். இதைக் கோழைத்தனம் என்று திட்டுபவர்கள் காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டுதான் திட்டுகிறார்கள்.

அந்த ஆண்டு ஆயிரக்கணக்கான பஹ்ரைன்காரர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். கம்ப்ரசர் கேட்கும் அந்த நண்பரும் போனார். கடைசி நாள் பெட்டியை ஒப்படைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கேஸ் இல்லை" என்றார். "சரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் படியிறங்கிப் போனார். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால் 'சரி' சொல்லாதீர்கள். உட்காருங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

செய்தி பார்ப்பதற்கு அளவு வையுங்கள். எழுந்ததும் வேண்டாம், படுக்கும் முன் வேண்டவே வேண்டாம், மாலையில் இருபது நிமிடம் போதும். அந்த இருபது நிமிடத்தையும் உங்கள் கைக்கு வேலை தரும் செய்திக்குக் கொடுங்கள்: விமான நிலையம் திறந்திருக்கிறதா, தூதரகம் என்ன அறிவித்திருக்கிறது? 2015இல் ஏமனிலிருந்தும் 2023இல் சூடானிலிருந்தும் நம் அரசு கப்பலிலும் விமானத்திலும் ஆட்களை மீட்டு வந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் பெயரும் எண்ணும் தூதரகத்தில் இருக்க வேண்டும்; அமைதியாக இருக்கும்போதே பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தால் நகலாவது கையில் இருக்கட்டும். ஒரு பை, கொஞ்சம் ரொக்கம், முக்கியமான எண்கள் ஒரு தாளில். பையைக் கட்டி வைத்த அன்று நான் ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

இன்னொரு நாளும் நன்றாகத் தூங்கினேன். பஹ்ரைனில் அந்த ஆண்டு நடந்தவற்றை விசாரித்த, பஸ்ஸியூனி என்ற சட்ட வல்லுநர் தலைமையிலான குழுவின் அறிக்கை 2011 நவம்பரில் வந்தது. மன்னரே அமைத்த குழு அது. 35 மரணங்களைப் பதிவு செய்து, காவலில் சித்திரவதை நடந்தது என்றும் எழுதியது. ஒன்றுமே நடக்கவில்லை என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால், பார்த்தவனுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. நம்பகமான ஓர் அறிக்கையைத் தேடி ஒருமுறை படியுங்கள். ஒருமுறைதான், காணொளிகளைத் தேடிப் போகாதீர்கள்.

டிசம்பரில் ஊர் திரும்பினேன். இனிமேல்தான் கடினமான பகுதி. ஆபத்தில்லாத இடத்துக்கு வந்த பிறகும் என் குரல் தாழ்ந்தே இருந்தது. டீக்கடையில் யாராவது முதலமைச்சரைத் திட்டினால் எழுந்து போய்விடுவேன். வீட்டில், "இவன் இப்போது அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். எங்கள் அப்பத்தா சொல்லுவார்: 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது காடும் மலையுமாக நடந்தே கானாடுகாத்தான் வந்து சேர்ந்த செட்டியார் ஒருவர், பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்து திண்ணையில் ஆண்டுக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். அந்த வீட்டிலும் "ஐயா அப்படித்தான்" என்றுதான் சொன்னார்களாம். வீட்டார் கைவிட வேண்டிய வாக்கியம் இது.

என்னை எழுப்பியது ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்த்த மாமா. புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு சைக்கிளில் வந்து நின்றார். சதுரக் கண்ணாடிமேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். மேலே மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்து, ஊறவைத்து உலர்த்திக் கண்ணாடியைக் கழற்றினால் கல் பளபளவென்று முகம் காட்டும். கரண்டி வேலையை யாரும் எனக்குத் தரமாட்டார்கள், அதற்குக் கை பழக வேண்டும். எனக்குக் கிடைத்தது கண்ணாடி துடைக்கும் வேலை. முதல் நாள் பத்து. ஒரு துளி பழைய சிமெண்டு ஒட்டியிருந்தாலும் கல்லில் பள்ளம் விழும் என்று மாமா திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டாவது வாரம் நாற்பது. அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

நீங்களும் அப்படி ஒரு வேலையைத் தேடுங்கள்: கையால் செய்வது, எண்ணிப் பார்க்கக்கூடியது, பக்கத்தில் ஆட்கள் இருப்பது, போகும் நேரம் மாறாதது. மனம் வந்தால் போகலாம் என்றால் மனம் வராது. போன பிறகுதான் வரும். சில நாள் போனாலும் வராது, துடைத்துவிட்டுத் திரும்புங்கள்.

மாத்திரை பற்றிச் சுருக்கமாக. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாள் "ஒன்றும் தெரியவில்லை" என்று நிறுத்தாதீர்கள். தெளிந்த பிறகும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். எனக்கு மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள், குன்றக்குடிக்கும் நடந்தேன். இரண்டும் மாத்திரைக்குக் குறுக்கே வரவில்லை. தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அழையுங்கள்: இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் வீட்டாரே அழைத்து, என்ன செய்யலாம் என்று கேட்கலாம். திரும்ப வளைகுடாவுக்குப் போகிறவர்கள் மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரையைப் பெட்டியில் போடாதீர்கள். தூக்க மாத்திரை, டிராமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு. விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

இப்போது கானாடுகாத்தானில் விடுதிகளாக மாறிய பழைய வீடுகளில் ஏசி மாட்டுகிறேன். அந்தச் சுண்ணாம்புச் சுவருக்கும் முற்றத்துக்கும் ஏசியே தேவையில்லை, ஆனால் விருந்தினர் கேட்கிறார்கள். என் அக்காள் மகன் குவைத்தில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. சம்பளம் வந்ததா என்று அக்காள் கேட்டு முடித்த பிறகு போனை நான் வாங்கிக்கொண்டு, கம்ப்ரசர் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். போன வாரம், "ஓடுகிறது மாமா, கொஞ்சம் சத்தம் மட்டும் வருகிறது" என்றான். என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினான்.