முற்றிய சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: கூட்டு மருந்துகளைச் சோதிப்பது எப்படி?

தனித்தனியே பலன் தரும் இரண்டு மருந்துகள் சேர்ந்தாலும் பலன் கூடும் என்பது உறுதியில்லை. கீநோட்-361 ஆய்வில் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தும் ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு நீளவில்லை. அதே மருந்தை என்ஃபோர்டுமாப் வெடோட்டினுடன் (புற்றணுவைத் தேடி நச்சு மருந்தைச் சேர்க்கும் எதிர்ப்பான்; இனி வெடோட்டின்) கொடுத்த ஈவி-302 ஆய்வில் (886 நோயாளிகள்) இடைநிலை ஆயுட்காலம் 31.5 மாதம்; கீமோ பெற்றவர்களுக்கு 16.1 மாதம்.

முதலில் மருந்தளவைத் தீர்மானியுங்கள். எளிய வழி மூன்று மூன்று பேராகச் சேர்ப்பது. மூவரில் யாருக்கும் கடும் நச்சு இல்லையென்றால் அளவைக் கூட்டலாம். ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இருவருக்கு வந்தால் கீழே இறங்க வேண்டும். முதல் சுழற்சியை (ஒரு முறை மருந்து கொடுக்கும் கால அளவு) மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நோயெதிர்ப்பு மருந்தின் பாதிப்புகள் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும்.

ஆள் சேர்க்கையில் பெரிய சிக்கல் சிறுநீரகம். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குக் கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்குக் குறைந்தது 60 மி.லி. இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. இந்த நோயில் கட்டியே சிறுநீர்க்குழாயை அடைத்து அந்த எண்ணைக் குறைத்துவிடும். அப்படியானவரை உடனே தகுதியற்றவர் என்று எழுதிவிடாதீர்கள். அடைப்பைத் திறக்கும் ஸ்டென்ட் குழாய் வைத்து, சிறுநீர் வடிந்தபின் மறுபடி அளந்து பாருங்கள். காது கேட்கும் திறன், இதயச் செயலிழப்பு, கைகால் மரத்துப்போதல் ஆகியவற்றையும் முதல் ஊசிக்கு முன்பே பதிய வேண்டும். பழைய கீமோவால் வந்த மரமரப்பு பதிவில் இல்லையென்றால் பிறகு புது மருந்தின் மேல் பழி விழும்.

ஈவி-302இல் 21 நாள் சுழற்சி: வெடோட்டின் கிலோவுக்கு 1.25 மி.கி. (அதிகபட்சம் 125 மி.கி.) 1, 8ஆம் நாட்களில், பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி. முதல் நாளில். ஒரே நாளில் இரண்டும் வந்தால் வெடோட்டின் முதலில், சுமார் 30 நிமிடம் கழித்து மற்றது.

பக்கவிளைவு எந்த மருந்தால் வந்தது என்று பிரிப்பதே கடினமான வேலை. இரத்தச் சர்க்கரை 250-ஐத் தாண்டினால் வெடோட்டினை நிறுத்திவையுங்கள். கூடவே கீட்டோனும் (இன்சுலின் குறைந்தால் இரத்தத்தில் கூடுவது) சி-பெப்டைடும் (இன்சுலின் சுரப்பைக் காட்டுவது) பார்க்க வேண்டும். பெம்ப்ரோலிசுமாப் கணையத்தைத் தாக்கி இன்சுலின் சுரப்பையே அழித்திருந்தால் அதற்கான சிகிச்சை வேறு. தோல் தடிப்பில் கொப்புளமோ வாய்ப்புண்ணோ சேர்ந்தால் காத்திருக்காமல் அன்றே தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். முதல் சுழற்சியில்தான் அந்த ஆபத்து அதிகம்.

ஸ்கேன் தேதிகளைச் சுழற்சியோடு கட்டாதீர்கள். ஊசி தள்ளிப்போகும் பிரிவில் ஸ்கேனும் தள்ளிப்போனால், நோய் தாமதமாக வளர்ந்ததாகக் கணக்கு பொய் சொல்லும். நோயாளியைக் குலுக்கல் முறையில் ஒரு பிரிவில் சேர்த்த நாளிலிருந்து நாட்காட்டிப்படி எடுங்கள். அளக்கும் இலக்காகச் சிறுநீர்ப்பைச் சுவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பை நிறைவதைப் பொறுத்து அதன் தடிமன் மாறும். நுரையீரல் கட்டியோ, குறுகிய விட்டம் குறைந்தது 15 மி.மீ. உள்ள நிணநீர்க் கணுவோ மேல். விட்டங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைந்திருந்த நிலையிலிருந்து 20 சதவீதமும், குறைந்தது 5 மி.மீ.யும் கூடினால் அது வளர்ச்சி.

கூட்டில் ஒவ்வொரு மருந்தின் பங்கையும் அறிய ஒற்றை மருந்துப் பிரிவு வேண்டும். ஈவி-103இல் சிஸ்பிளாட்டின் பெற முடியாதவர்களிடம் வெடோட்டின் மட்டும் கொடுத்தபோது 45.2 சதவீதத்தினரிடமும், கூட்டாகக் கொடுத்தபோது 64.5 சதவீதத்தினரிடமும் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அந்தப் பிரிவு இல்லாவிட்டால், பலனே தராத இரண்டாவது மருந்தின் நச்சை நோயாளி வீணாகச் சுமக்க நேரும்.