பிடிப் பூட்டுள்ள பழைய குட்டை ரிவால்வர்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தன் தொடக்க ஆண்டாகக் கொள்வது 1852. அதன் நூற்றாண்டைக் குறிக்க 1952-இல் ஒரு குட்டைக் குழல் ரிவால்வரைக் கொண்டுவந்து, அதற்குச் சென்டென்னியல் என்றே பெயரிட்டது. 1957-இல் மாதிரிகளுக்கு எண் கொடுத்தபோது எஃகுச் சட்டகம் கொண்டது மாடல் 40 ஆனது, அலுமினியச் சட்டகம் கொண்டது மாடல் 42 ஆனது. ஐந்து தோட்டாக்கள், .38 ஸ்பெஷல் ரகம், இரண்டு அங்குலத்துக்குச் சற்றே குறைவான குழல். தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் சுத்தியல் முழுவதும் உள்ளே மறைந்திருப்பதால் பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டாது.

இதன் தனிச்சிறப்பு கைப்பிடியின் முதுகில் உள்ளது. அங்கே நீளமான ஒரு நெம்புகோல் இருக்கும். உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுத்தியல் விடுபடும். இல்லையென்றால் விசையை முழுதாக இழுக்க முடியாது. இதுதான் பிடிப் பூட்டு. 1887-இல் வந்த பழைய மாதிரியிலிருந்து எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. ஆகவே இந்தத் துப்பாக்கிக்கு எதை மாற்றினாலும், எந்த உறையைத் தேர்ந்தாலும், அந்த நெம்புகோலுக்கு இடைஞ்சல் வருமா என்பதே முதல் கேள்வி.

படி 1: சட்டம். அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள், தகுதியுள்ள பெரியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல அனுமதிக்கின்றன. நியூயார்க், கலிபோர்னியா, இந்த ரிவால்வர் பிறந்த மாசசூசெட்ஸ் ஆகியவற்றில் உரிமம் கட்டாயம். ஒரு மாநிலத்தின் உரிமம் அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லை தாண்டும் முன் அந்த மாநிலத்தின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சோதனை. இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பழைய துப்பாக்கியில் அவசரம் ஆகாது. சிலிண்டரைத் திறந்து ஐந்து அறைகளும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். குழல்முனை எப்போதும் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும்.

இப்போது நெம்புகோலில் கை படாதபடி பக்கவாட்டில் பிடித்து விசையை மெல்ல இழுத்துப் பாருங்கள். சுத்தியல் விழவே கூடாது. பிறகு வழக்கம்போல இறுகப் பிடித்து இழுங்கள்; தடங்கலின்றி விழ வேண்டும். நெம்புகோலை விட்டதும் தானாக வெளியே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் பெரும்பாலும் உள்ளே பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருக்கும். உள்பாகங்களை மூடியிருக்கும் பக்கத் தகட்டை நீங்களே நெம்பித் திறக்க வேண்டாம், அது துப்பாக்கித் தொழிலாளியின் வேலை.

அலுமினியச் சட்டகம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். சிலிண்டரைத் திறந்து வைத்து, குழலின் பின்முனை சட்டகத்துக்குள் இறங்கும் இடத்தின் அடிப்பகுதியில் டார்ச் வெளிச்சம் அடியுங்கள். தலைமுடி போல மெல்லிய கோடு தெரிந்தால் அது வெறும் கீறலாக இல்லாமல் விரிசலாகவும் இருக்கலாம். இந்த இலகு சட்டகங்கள் வழக்கமாக விரிசல் விடும் இடம் அதுதான். கோடு தெரிந்தால் சுடவே வேண்டாம். சிலிண்டரில் ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதும் நல்லது. 1950-களின் தொடக்கத்து இலகு எடைத் துப்பாக்கிகள் சிலவற்றில் சிலிண்டரும் அலுமினியத்தால் ஆனது. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது சேகரிப்புப் பொருள், சுடுவதற்கானது இல்லை.

படி 3: கைப்பிடி. மாற்றம் என்றதும் பலரும் முதலில் தேடுவது தடித்த ரப்பர் கைப்பிடி. இந்தத் துப்பாக்கிக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. சாதாரண குட்டை ரிவால்வர்களுக்குச் செய்யப்படும் ரப்பர் பிடிகளில் பல, சட்டகத்தின் முதுகையும் மூடிவிடும். இங்கே முதுகில் நெம்புகோல் அசைய வேண்டும். ஆகவே முதுகு திறந்த, இருபுறமும் பலகையாக அமையும் மரப்பிடிகளையே தேடுங்கள். பிடியின் மேல்முனை இந்த மாதிரியின் உயர்ந்த தோளோடு சேர்கிறதா என்பதையும் கவனியுங்கள். விரல்களுக்கு இடம் போதவில்லை என்றால், விசைக் காப்பு வளையத்தின் பின்னால் உள்ள இடைவெளியை நிரப்பும் சிறு துணைப்பிடி ஒன்றைச் சேர்த்தாலே பிடிமானம் வெகுவாக மாறும்.

பிடிப் பலகைகளை இணைக்கும் திருகைக் கழற்றும்போது அதன் பிளவில் சரியாக அமரும் திருப்புளி வேண்டும். ஆப்பு போலச் சரிந்த முனை வழுக்கி மரத்தைக் கிழித்துவிடும். திருகை முழுதாக எடுக்காமல் சில சுற்றுகள் தளர்த்தி, அதன் தலையைத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கப் பலகை தானாக நெகிழும். நகத்தாலோ கத்தியாலோ நெம்பாதீர்கள். புதுப் பிடியைப் பூட்டியதும் படி 2-இன் நெம்புகோல் சோதனையை அப்படியே திரும்பச் செய்யுங்கள்.

பழைய பலகைகளைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். அசல் சென்டென்னியல் உற்பத்தி 1974-இல் நின்றுவிட்டதால் மூலப் பாகங்களுக்கு மதிப்பு அதிகம். மீண்டும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாத எதையும் செய்யாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. நிக்கல் முலாம் மறுபூச்சு, சட்டகத்தைத் தேய்ப்பது, விசைக் காப்பு வளையத்தை வெட்டுவது எல்லாம் வேண்டாம். நெம்புகோலை ஊசி கொண்டு நிரந்தரமாக அழுத்தி வைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்வதற்குப் பதிலாக 1990-இல் வந்த, பிடிப் பூட்டே இல்லாத மாடல் 640-ஐ வாங்கிக்கொள்ளலாம்.

படி 4: உறை. கால்சட்டையின் முன்பையில் வைப்பதே இதற்கு ஏற்றது. வெறும் பையில் போடாதீர்கள். விசையை முழுதாக மூடும் பை உறை வேண்டும், அந்தப் பையில் சாவியோ நாணயமோ இருக்கக் கூடாது. எடுக்கும்போது உறை பையிலேயே தங்க வேண்டும். வெளியே வருவதற்கு முன்பே உள்ளங்கையின் மேடு நெம்புகோல்மீது முழுதாகப் பதிகிறதா என்று காலித் துப்பாக்கியோடு பழகுங்கள். விரல்நுனிகளால் கிள்ளி எடுத்தால் பூட்டு விடுபடாது. பயிற்சிக்குப் போலித் தோட்டாக்கள் போடுங்கள்.

படி 5: தோட்டா. சாதாரண அழுத்தமுள்ள .38 ஸ்பெஷல் மட்டும். கூடுதல் அழுத்தம் என்று பெட்டியில் குறித்தவற்றை, குறிப்பாக மாடல் 42-இல், தொடாதீர்கள். சுடுதளத்தில் முதல் முறை ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுட்டு, காலிக் கூட்டை எடுத்துப் பாருங்கள். அதில் பிளவு இருந்தாலோ, அது அறையில் இறுகிக்கொண்டாலோ, அன்று அதோடு நிறுத்திவிட்டுத் தொழிலாளியிடம் காட்டுங்கள்.