பூனைத் தட்டை நாய் காலி செய்தால்

பூனை உணவில் புரதமும் கொழுப்பும் நாய் உணவைவிட அதிகம். நாயை இழுப்பது அதுதான். அதட்டிப் பயனில்லை. நாய்க்கு எட்டாத உயரத்தில் பலகை அடித்துத் தட்டை அங்கே மாற்றினேன். பலகை ஆடக்கூடாது, ஆடினால் பூனை ஏறவே ஏறாது.

மணல் பெட்டிதான் பெரிய தலைவலி. நாய் அதிலுள்ள கழிவையும் தின்னும்! பெட்டி இருக்கும் அறைக் கதவில் கொக்கி மாட்டி 10 செ.மீ. இடைவெளி மட்டும் விட்டேன். பூனை நுழையும், நாயின் தலை நுழையாது. (குட்டி நாய்க்கு இது உதவாது.) மூடிய பெட்டி வேண்டாம். வாசலில் நாய் நின்றால் பூனை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பயந்துபோய் அடுத்த முறை கட்டிலுக்கடியில் மலம் கழித்துவிடும்.

பூனை நாய் உணவை ருசி பார்த்தால் பரவாயில்லை. அதையே தினமும் கொடுத்தால் டாரின் சத்து போதாமல் கண்ணும் இதயமும் கெடும்.