சூரியப் புயல் வருமா? தினமும் பார்க்க வேண்டியவை, படிப்படியாக

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக நடத்தும் வானொலித் தொடர்பு) உரிமம் வாங்கிய புதியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “இன்றைக்குப் புயல் உண்டா, எங்கே பார்ப்பது?” என்பதுதான். நான் பார்க்கும் வரிசை இது.

படி 1: அமெரிக்காவின் போல்டர் நகரில் இயங்கும் நோவா (NOAA, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) விண்வெளி வானிலை மையத்தின் தளத்துக்குப் போங்கள். மூன்று நாள் முன்கணிப்பு யுடிசி (உலகப் பொது நேரம்) 00:30-க்கும் 12:30-க்கும் புதிதாகிறது, நமக்குக் காலை 6, மாலை 6. கூடவே வரும் ‘டிஸ்கஷன்’ பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். செயலிகளில் பெரும்பாலும் எண் மட்டும்தான் கிடைக்கும், காரணம் இங்கேதான் இருக்கிறது. அதனால் நான் செயலிகளைப் பரிந்துரைப்பதில்லை.

படி 2: ஃபிளேர் என்பது சூரியனில் திடீரென நிகழும் வெடிப்பு. அதில் வலுவான எம், அதைவிட வலுவான எக்ஸ் வகைகளுக்கான வாய்ப்புச் சதவீதத்தைப் பாருங்கள். ஃபிளேரின் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும், முன்னெச்சரிக்கைக்கு நேரமில்லை. ஆகவே இது வாய்ப்புக் கணக்கு மட்டுமே. பூமியின் பகல் பக்கத்தில்தான் ஷார்ட்வேவ் வானொலித் தொடர்பு மங்கும். நம் நள்ளிரவில் வெடித்தால் நமக்குக் கவலையில்லை.

படி 3: கேபி அட்டவணை. பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்பதைச் சொல்லும் எண் கேபி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண், 0 முதல் 9 வரை. 5 என்றால் ஜி1 (சிறிய) புயல், 9 என்றால் ஜி5 (மிகக் கடுமையானது). நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்: ‘00-03’ என்பது நமக்குக் காலை 5:30 முதல் 8:30. கடைசி வரிசையான ‘21-00’ நமக்கு மறுநாள் அதிகாலை.

படி 4: பி-இசட், அதாவது சூரியக் காற்றோடு (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்கு அளவு. இங்கேதான் நிதானம் வேண்டும். சூரியனிலிருந்து கிளம்பும் சிஎம்இ எனும் மின்துகள் மேகத்தின் வேகத்தையும் திசையையும் படங்களிலிருந்து ஓரளவு கணக்கிடலாம். அதற்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தொலைவில் எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலத்தை அது தொடும்போதுதான் உறுதியாகும். புலம் தெற்கு நோக்கினால் பூமியின் புலத்தோடு இணைந்து ஆற்றல் உள்ளே பாயும். வடக்கு நோக்கினால் வேகமான மேகம்கூடப் பெரிய பாதிப்பில்லாமல் கடந்துவிடலாம். அதனால்தான் “ஜி3 என்றார்களே, ஒன்றுமே நடக்கவில்லையே” என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள்.

அதே தளத்தின் நேரடிச் சூரியக் காற்று வரைபடத்தில் சிவப்புக் கோடுதான் பி-இசட். சில நிமிடங்கள் கீழே இறங்கி ஏறினால் விட்டுவிடுங்கள். மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் (காந்தப்புலத்தின் அலகு) கீழே மூன்று மணி நேரம் நின்றால் வலுவான புயலை எதிர்பார்க்கலாம். சூரியக் காற்றின் வேகம் நொடிக்கு 400 கி.மீ. என்றால், அது எல்1-இலிருந்து பூமிக்கு வரும்வரை உங்கள் கையில் ஒரு மணி நேரம், 800 என்றால் அரை மணிதான். 2024 மே மாதத்தில் ஜி4 என்றுதான் முன்னறிவித்தார்கள், வந்தது ஜி5. 2003 அக்டோபருக்குப் பிறகு அதுவே முதல் ஜி5. லடாக்கின் ஹான்லே வான்நோக்ககக் கேமராக்களில்கூடச் செந்நிறத் துருவ ஒளி (அரோரா) பதிவானது.

படி 5: கேபி பெரும்பாலும் உயர் அட்சரேகைப் பக்க நிலையங்களிலிருந்து வருவது. நம் பகுதிக்கு கியோட்டோ பல்கலைக்கழகம் தரும் டிஎஸ்டி எண்ணையே நான் நம்புகிறேன், அது புயலின்போது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு குறைகிறது என்று தாழ் அட்சரேகை நிலையங்கள் காட்டும் அளவு. மைனஸ் 50 நானோடெஸ்லா மிதமான புயல், மைனஸ் 100 கடும் புயல். அந்த மே மாதம் மைனஸ் 400-ஐயும் தாண்டி இறங்கியது.

பின்சேர்க்கை: ஃபிளேரே இல்லாத நாளில் கேபி 5 எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவில் உள்ள துளையிலிருந்து வரும் வேகமான சூரியக் காற்றுதான் காரணம். சூரியன் சுழன்று அதே துளை ஏறத்தாழ 27 நாளில் மறுபடி நம் பக்கம் திரும்பும். புயல் நாளை நாட்காட்டியில் குறித்து 27 நாள் தள்ளி எண்ணுங்கள், அப்புறம் அதே தளத்தின் 27 நாள் முன்னோட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிஎம்இ புயல்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.