மிகைபுனைவு நாவல்களை எதிலிருந்து தொடங்கலாம்?

மந்திரமும் கற்பனை உலகங்களும் நிறைந்த மிகைபுனைவு நாவல்களைப் புதிதாக வாசிக்க விரும்பும் இலங்கை மலையக இளையோர் பலர், டோல்கியனின் ‘த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நூலை முதலில் எடுத்து, பெயர்களின் நெரிசலில் சலித்துப் பாதியிலேயே மூடிவைத்துவிடுகிறார்கள். அதற்கு முன், அவரே எழுதி 1937இல் வெளிவந்த ‘த ஹொபிட்’டை வாசித்தால் அந்த உலகம் எளிதில் பழகிவிடும்.

ஆயினும் நான் முதலில் கையில் கொடுப்பது, அர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய ‘எ விசர்ட் ஒஃப் ஏர்த்சீ’ என்னும் சிறிய நாவலையே. மலைத்தீவு ஒன்றில் ஆடு மேய்த்த சிறுவன், படையெடுத்து வந்தவர்களிடமிருந்து தன் ஊரை மூடுபனியை வரவழைத்து மறைத்துக் காக்கும் காட்சியை, மலையகத்து நானுஓயாவில், எதிரிலுள்ள லயமே (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளே) தெரியாத பனிக்காலையில் வளர்ந்த ஒருவர் தம் ஊர்க் கதையாகவே உணர்வார்.

வாசிக்கும்போது, பாத்திரங்களின் பெயர்களையும் இடங்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, நூலிலுள்ள வரைபடத்தின் பக்கத்திலேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள்.